மலேசியாவில் இமிகிரேஷன் சோதனை: சபுராளிகளும் வீட்டாரும் அறிந்திருக்க வேண்டியவை

"அதிகாரிகள் கதவைத் தட்டினால் திறக்காதீர்கள். நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாதீர்கள்." இப்படி ஓர் அறிவுரை வாட்ஸ்அப் வழியாக மலேசியாவில் வேலை செய்யும் நம் ஊர்ப் பிள்ளைகளின் கைபேசிக்கும் வந்து சேர்கிறது. அறிவுரையில் தவறில்லை. நாடுதான் வேறு. அது அமெரிக்காவில் குடியேறியவர்களுக்காக அங்குள்ள அமைப்புகள் சிவப்பு அட்டையில் அச்சிட்டுக் கொடுப்பது. அந்நாட்டு அரசியலமைப்பின் நான்காவது திருத்தத்தை நம்பி எழுதப்பட்டது. கோலாலம்பூரில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியறையில் படுத்திருப்பவர் அதை அப்படியே கடைப்பிடித்தால், ஒரு குற்றத்தோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வார்.

மலேசியாவின் 1959/63 குடிநுழைவுச் சட்டம், 51ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்ததற்கான ஆதாரம் கிடைக்கும் என்று நம்பக் காரணம் இருந்தால் வாரண்ட் இல்லாமலே ஒரு கட்டடத்துக்குள் நுழைந்து தேடலாம் என்று அதிகாரிகளுக்கு அதிகாரம் கொடுக்கிறது. கதவை அடைத்துக்கொண்டு தடுப்பது தனிக் குற்றம். சவூதியில் இகாமா சட்டம் ஒரு மாதிரி, துபாயில் வேறு மாதிரி என்பது நம் மக்களுக்கு நன்றாகத் தெரியும். மலேசியா என்று வரும்போது மட்டும் "நம்ம ஆளுங்க கடைதானே, பார்த்துக்கொள்வார்கள்" என்ற எண்ணம் வந்துவிடுகிறது. பாட்டனார் காலத்திலிருந்து போய்வந்த நாடு என்பதால் அந்த உரிமை எண்ணம் நமக்கு இருக்கலாம். அந்த நாட்டுச் சட்டத்துக்கு அது கிடையாது.

அப்படியென்றால் பிடிபட்டவருக்கு உரிமையே இல்லையா? இருக்கிறது. அதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஆனால் மலேசியாவைப் பொறுத்தவரை உரிமையைவிட முதலில் காப்பாற்றுவது காகிதம்தான். ஏன் என்று புரிய, எந்தப் பிரிவில் வழக்குப் போடுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரே அறை, மூன்று வழக்கு

ஒரு கடையின் மாடியறையில் மூன்று பேர் தூங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூவரும் திருச்சியிலிருந்து முறையாக விமானம் ஏறிப் போனவர்கள்தான்.

முதலாமவருக்குப் பெர்மிட் உயிரோடு இருக்கிறது. ஆனால் அது வேறொரு கடைக்காரர் பெயரில் எடுத்தது. சம்பளம் கூடுதல் என்று இங்கே மாறி வந்துவிட்டார். இது பாஸின் நிபந்தனையை மீறியது. 1963 குடிநுழைவு விதிகளில் 39(பி) என்ற விதியின் கீழ் வரும். ஆயிரம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சுற்றுலாப் பயணியாகப் போய் வேலை செய்து மாட்டுகிறவர்களும் பெரும்பாலும் இதில்தான் வருவார்கள்.

இரண்டாமவருக்குப் பெர்மிட் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. முதலாளி "போட்டிருக்கிறேன், வந்துவிடும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். இவர் 15(1)(சி) பிரிவில் வருவார். அனுமதிக் காலம் முடிந்தும் தங்கியிருந்த குற்றம். பத்தாயிரம் ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், அல்லது ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பத்தாயிரம் ரிங்கிட் என்றால் நம் பணத்துக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம்.

மூன்றாமவரும் இரண்டாமவரைப் போலத்தான். பெர்மிட் முடிந்துவிட்டது. ஆனால் இவரிடம் பாஸ்போர்ட்டும் இல்லை, அதன் நகலும் இல்லை. எந்தத் தேதியில், எந்த விமான நிலையத்தில் இறங்கினார் என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. இப்படிப்பட்டவர் மீது 6(1)(சி) பிரிவில் வழக்கு வருவதுண்டு. செல்லத்தக்க பாஸ் இல்லாமல் நாட்டுக்குள் நுழைந்து இருக்கிறார் என்பது குற்றச்சாட்டு. தண்டனை பத்தாயிரம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அதோடு ஆறு பிரம்படி வரை கொடுக்கலாம். இந்தப் பிரம்படி 2002இல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. பெண்களுக்கும் 50 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் இந்த வழக்கில் பிரம்படி கிடையாது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் இருபதிலும் முப்பதிலும் இருப்பவர்கள்.

இரண்டாமவரும் மூன்றாமவரும் செய்தது ஒரே தவறு. ஒருவரிடம் நகல் இருந்தது, மற்றவரிடம் இல்லை. முறையாக விசா முத்திரையோடு வந்திறங்கினேன், பிறகுதான் காலம் கடந்துவிட்டது என்று நிரூபிக்க முடிகிறவருக்கு, இது 15ஆம் பிரிவு வழக்கு, 6ஆம் பிரிவு அல்ல என்று வாதாட இடம் இருக்கிறது. பிரம்படிக்கும் அதற்கும் நடுவில் நிற்பது சில நேரங்களில் ஒரு ஜெராக்ஸ் தாள். ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று ஏஜென்ட்டுக்குக் கொடுத்துவிட்டு இந்த ஐந்து ரூபாய் ஜெராக்ஸை எடுக்காமல் அனுப்பும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

பாஸ்போர்ட் யார் கையில்?

"பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறது" என்பது மலேசியாவில் சர்வ சாதாரணமாகச் சொல்லப்படுவது. கடைக்குக் கடை இதுதான் நடைமுறை. ஆனால் அந்நாட்டின் 1966 பாஸ்போர்ட் சட்டம், 12(1)(எஃப்) பிரிவு, இன்னொருவருடைய பாஸ்போர்ட்டை உரிய அதிகாரமின்றி வைத்திருப்பதைக் குற்றம் என்கிறது. பத்தாயிரம் ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஐந்து ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும். முதலாளியிடம் போய் இந்தச் சட்டத்தை எடுத்து வீசச் சொல்லவில்லை. வேலையும் வேண்டும், தங்குமிடமும் அவர் கொடுத்ததுதான் என்னும்போது அது நடக்கிற காரியமில்லை என்று நமக்கும் தெரியும். நடக்கிற காரியத்தைச் சொல்கிறோம்.

ஊரிலிருந்து கிளம்பும் முன்பே எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இறங்கிய அன்றே, பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுக்கும் முன், நுழைவு முத்திரை விழுந்த பக்கத்தையும் படமெடுங்கள். தானியங்கி வாயில் வழியாக வெளியே வந்து முத்திரை விழவில்லை என்றால், விமான டிக்கெட், போர்டிங் பாஸ், எம்.டி.ஏ.சி. எனப்படும் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டை பதிவு செய்தபோது வந்த மின்னஞ்சல் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். பெர்மிட் கிடைத்ததும் அதற்கும் ஒரு படம். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கும்போதும் இப்படியே. எல்லாம் ஊரில் ஒருவருக்குப் போய்ச் சேர வேண்டும். கைபேசியில் மட்டும் வைத்திருந்தால், பிடிபடும் நேரத்தில் முதலில் பறிபோவது அந்தக் கைபேசிதான்.

அதே காரணத்துக்காக இன்னொன்று. வீட்டு எண் ஒன்றும், மலேசியாவிலேயே உள்ள நம்பகமான ஒருவரின் எண் ஒன்றும் மனப்பாடமாக இருக்கட்டும். உம்மாவின் எண்ணையே கைபேசி பார்க்காமல் சொல்லத் தெரியாத காலம் இது. பத்து இலக்கம்தான்; ஒரு நாள் பயிற்சி போதும்.

பெர்மிட் செல்லுபடியாகும் நிலையில் பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தால், வெளியே போகும் நாட்களிலாவது அதைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. நகலைக் காட்டினால் எல்லா அதிகாரியும் விட்டுவிடுவதில்லை. சரிபார்க்க வேண்டும் என்று அழைத்துப் போவார்கள். முதலாளி அசலை எடுத்துக்கொண்டு வரும்வரை அங்கேயே உட்கார வேண்டியிருக்கும்.

சோதனை நடக்கும்போது

சோதனை என்றால் பெரும்பாலும் கடையைச் சுற்றிவளைத்து, எல்லாரையும் ஓரிடத்தில் உட்கார வைத்து, காகிதம் இருப்பவர் இல்லாதவர் என்று பிரிப்பார்கள். காகிதம் சரியாக இருப்பவர் அங்கேயே விடப்படுவார். சந்தேகம் உள்ளவர் லாரியில் ஏற்றப்படுவார்.

ஓடாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். மாடியிலிருந்து குதித்தவர்கள், கூரைக்கு மேல் பதுங்கியவர்கள், தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கியவர்கள் பற்றிய செய்திகள் மலேசியத் தமிழ்ப் பத்திரிகைகளில் வந்துகொண்டேதான் இருக்கின்றன. கால் உடைந்தும் பிடிபடுகிறார்கள். செல்லத்தக்க பெர்மிட் வைத்திருந்தவர்கூடக் கூட்டத்தோடு பயந்து ஓடினால் குற்றவாளியைப் போல நடத்தப்படுவார்.

வந்திருப்பவர் யார் என்று பணிவாகக் கேட்கலாம். அதிகாரி அட்டையைக் காட்டச் சொல்லலாம். சீருடையில் வருபவர்கள் எல்லாரும் ஒரே அதிகாரம் உடையவர்கள் அல்ல. ரேலா எனப்படும் தொண்டர் படையினர் ஒரு காலத்தில் தாங்களே கைது செய்யும் அதிகாரம் பெற்றிருந்தார்கள். 2012இல் வந்த புதிய சட்டத்துக்குப் பிறகு அந்த அதிகாரம் இல்லை. காவல்துறைக்கும் குடிநுழைவுத் துறைக்கும் அவர்கள் உதவியாக வரலாம், அவ்வளவுதான். அதிகாரி யாரும் கூட இல்லாமல் இரவில் வழிமறித்துப் பணப்பையைக் கேட்பவர் சோதனைக்கு வந்தவர் அல்ல என்று புரிந்துகொள்ளுங்கள். பெண்களைப் பெண்தான் சோதனையிட வேண்டும் என்று அந்நாட்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டமே சொல்கிறது. வீட்டு வேலைக்குப் போயிருக்கும் சகோதரிகள் இதைத் தயங்காமல் கேட்கலாம்.

பெயரையும் நாட்டையும் உள்ளபடி சொல்லுங்கள். பொய்ப் பெயர் சொன்னவரை வீட்டார் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிடும். இந்தியத் தூதரகமும் குடியுரிமையை உறுதிசெய்ய முடியாமல் நிற்கும். அடுத்தவர் பெர்மிட்டையோ, எவரோ அச்சடித்துக் கொடுத்த போலி முத்திரையையோ காட்டவே கூடாது. காலம் கடந்து தங்கியதற்கு ஒரு தண்டனை என்றால் போலிப் பத்திரத்துக்கு அதைவிடப் பல மடங்கு கடுமையான தண்டனை. கையில் ஐம்பது ரிங்கிட்டைத் திணித்து "பார்த்துக்கொள்ளுங்கள் சார்" என்பதும் 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி குற்றம். வாங்குகிறவருக்கு மட்டுமல்ல, கொடுக்கிறவருக்கும்தான்.

மலாய் மொழியில் எழுதிய தாளை நீட்டி கையெழுத்துப் போடச் சொன்னால், என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். "சாயா தாக் பாஹாம், சாயா நாக் ஜுருபாஹாசா தமிழ்" என்றெல்லாம் நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. "ஜுருபாஹாசா தமிழ்" என்ற இரண்டு சொல் போதும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பது புரிந்துவிடும். தமிழர்கள் பெருந்தொகையாக வாழும் நாடு. கிடைக்காத பொருளைக் கேட்கவில்லை நீங்கள்.

பிடித்துச் சென்ற பிறகு

மலேசிய அரசியலமைப்பின் 5(3) பிரிவு, கைது செய்யப்பட்டவருக்குக் காரணத்தை இயன்ற விரைவில் சொல்ல வேண்டும், அவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும் என்கிறது. இதில் குடிமகன், வெளிநாட்டவர் என்ற பிரிவினை இல்லை. அடுத்து வரும் 5(4)இல்தான் பிரிவினை வருகிறது. மற்றவர்களை 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். குடிநுழைவுச் சட்டத்தின் கீழ் பிடிபட்ட வெளிநாட்டவரை நிறுத்த 14 நாள் அவகாசம் உண்டு. வீட்டார் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். "பிடித்து மூன்று நாளாகிறது, இன்னும் கோர்ட்டுக்குக் கொண்டுபோகவில்லை, என்ன செய்தார்களோ" என்று பதறி, அந்தப் பதற்றத்திலேயே யாரோ ஒருவருக்குப் பணம் அனுப்பிவிடுகிறார்கள். பதினான்கு நாள் என்பது அங்கே சட்டப்படியான கணக்கு. அதைத் தாண்டினால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

1963ஆம் ஆண்டு வியன்னா தூதரக ஒப்பந்தத்தின் 36ஆம் பிரிவில் இந்தியாவும் மலேசியாவும் சேர்ந்திருக்கின்றன. பிடிபட்டவர் கேட்டால் அவருடைய நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் கொடுக்க வேண்டும். "கேட்டால்" என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். கேட்காதவருக்காக யாரும் தாமாகப் போய்ச் சொல்வார்கள் என்று நம்பியிருக்க முடியாது. "இந்தியன் ஹைகமிஷன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

தூதரகம் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதிலும் தெளிவு வேண்டும். தடுப்பு முகாமில் உள்ளவரைப் போய்ப் பார்க்கும். பாஸ்போர்ட் இல்லாதவர் இந்தியர்தானா என்று ஊரில் விசாரித்து உறுதிசெய்து, ஊர் திரும்ப மட்டும் செல்லும் அவசரச் சான்று கொடுக்கும். வழக்கை வாபஸ் வாங்கவைக்காது, அபராதம் கட்டாது, முகாமிலிருந்து வெளியே எடுக்காது.

நீதிமன்றத்தில் குற்றச்சாட்டை வாசித்ததும் ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார்கள். உள்ளே இருப்பவர்கள் "ஒத்துக்கொள், சீக்கிரம் ஊருக்குப் போகலாம்" என்பார்கள். சில வழக்கில் அது சரியான யோசனையாகவே இருக்கலாம். ஆனால் எந்தப் பிரிவை ஒப்புக்கொள்கிறோம் என்று தெரியாமல் தலையாட்டக் கூடாது. மேலே சொன்ன இரண்டாமவர், 6ஆம் பிரிவுக் குற்றச்சாட்டை 15ஆம் பிரிவு என்று நினைத்து ஒப்புக்கொண்டால், அவர் முதுகுக்குப் பின்னால் பிரம்பு நிற்கும். "எந்தப் பிரிவு?" என்று மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டுவிட்டு, "என் பாஸ்போர்ட் நகல் வீட்டில் இருக்கிறது, முத்திரையோடு வந்தவன் நான்" என்று சொல்ல வேண்டும். வழக்கறிஞர் இருந்தால் அவர் சொல்வார். இல்லையென்றால் நீங்களே சொல்லுங்கள்.

முதலாளி அமர்த்தும் வழக்கறிஞர் விஷயத்தில் எங்கள் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். காகிதமில்லாதவரை வேலைக்கு வைத்த முதலாளிக்கும் 55பி பிரிவில் தண்டனை உண்டு. ஆள் ஒருவருக்குப் பத்தாயிரம் முதல் ஐம்பதாயிரம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஐந்து பேருக்கு மேல் என்றால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு சிறையும், பிரம்படியும். ஆகவே "இவர் என் கடை ஆளே இல்லை, சாப்பிட வந்தவர்" என்று முதலாளி சொல்லக்கூடும். அவருடைய தற்காப்பும் உங்களுடைய தற்காப்பும் ஒன்றல்ல. நல்ல மனத்தோடு உதவும் முதலாளிகள் நிறையவே இருக்கிறார்கள். அபராதம் கட்டி, டிக்கெட் எடுத்து, கையில் பணமும் கொடுத்து அனுப்பியவர்கள் உண்டு. இருந்தாலும் அவருடைய வழக்கறிஞர் அவருக்குத்தான் வழக்கறிஞர். மலேசிய வழக்கறிஞர் மன்றம் நடத்தும் சட்ட உதவி மையங்களையும், வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காக 1991 முதல் இயங்கும் தெனாகானித்தா போன்ற அமைப்புகளையும் அணுகலாம். அதை நிறுவிய ஐரீன் பெர்னாண்டஸ், தடுப்பு முகாம்களின் நிலை பற்றி 1995இல் அறிக்கை வெளியிட்டதற்காகத் தாமே வழக்கைச் சந்தித்து, 2003இல் தண்டிக்கப்பட்டு, 2008இல்தான் விடுவிக்கப்பட்டார். முகாம் என்ன மாதிரி இடம் என்பதற்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

தண்டனை முடிந்தாலும் அன்றே விமானம் ஏற முடியாது. நம் பிள்ளைகள் "கேம்ப்" என்று சொல்லும் தடுப்பு முகாமில், பயணப் பத்திரமும் டிக்கெட்டும் தயாராகும்வரை இருக்க வேண்டும். இதற்கு நாள் வரம்பு கிடையாது. பத்திரம் சீக்கிரம் கிடைப்பதும் டிக்கெட் பணம் சீக்கிரம் போவதும் வீட்டார் கையில் இருக்கிறது.

வீட்டில் ஓர் உறை

ஒவ்வொரு சபுராளி வீட்டிலும் ஓர் உறை இருக்க வேண்டும். பாஸ்போர்ட் நகல், பெர்மிட் நகல், கடையின் பெயர், முகவரி, முதலாளி எண், ஏஜென்ட் கொடுத்த ரசீது, பிள்ளையின் ஆதார், ரேஷன் கார்டு நகல், இரண்டு புகைப்படம். அவசரச் சான்றுக்காக ஊரில் விசாரணை வரும்போது இவைதான் கேட்கப்படும்.

இதில் நம் சமுதாயத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. அது பெயர். வீட்டில் "சின்னத்தம்பி". கடையில் "பாய்". பள்ளிச் சான்றிதழில் செய்யது அபுதாஹிர். பாஸ்போர்ட்டில் அதே பெயர் ஆங்கிலத்தில் வேறு எழுத்துக்கூட்டலில், தகப்பனார் பெயர் முன்னால் வந்து நிற்கும். மலேசியப் பதிவேட்டில் நடுவில் ஒரு "பின்" சேர்ந்திருக்கலாம். முகமது, முஹம்மது, மொஹமட் என்று ஒரே ஆள் மூன்று பேராகிவிடுவார். முகாமுக்குப் போன் செய்து பெயர் சொல்லி விசாரித்தால் "அப்படி யாரும் இல்லை" என்று பதில் வரும். வீட்டில் அழுகை ஆரம்பித்துவிடும். ஆள் அங்கேதான் இருப்பார். பாஸ்போர்ட் எண்ணையும் பிறந்த தேதியையும் சொல்லித் தேடுங்கள். எண் மாறாது.

அடுத்து வருவது இடைத்தரகர் அழைப்பு. பிடிபட்ட செய்தி ஊருக்கு வந்த சில மணி நேரத்தில், மலேசிய எண்ணிலிருந்து ஒருவர் நல்ல தமிழில் பேசுவார். உள்ளே ஆள் இருக்கிறது, ஒரு லட்சம் அனுப்பினால் இன்று இரவே வெளியே எடுத்துவிடலாம் என்பார். நகையைக் கழற்றும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். பிள்ளையின் பாஸ்போர்ட் எண் என்ன? எந்த முகாம்? பணத்துக்கு யார் பெயரில் ரசீது? நீதிமன்ற அபராதத்துக்கு ரசீது உண்டு. டிக்கெட் பயணியின் பெயரில் வரும். இரண்டும் இல்லாத பணம் முகாம் வாசலைக்கூடத் தாண்டாது.

நேரடியாகத் தெரிவிக்க வழிகள் இருக்கின்றன. கோலாலம்பூர் இந்தியத் தூதரகம், மத்திய வெளியுறவுத் துறையின் "மதத்" இணையதளம், தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறை. மூன்றுக்கும் கட்டணமில்லை. மூன்று இடத்திலும் ஒரே நாளில் பதிவு செய்துவிட்டு, பதிவு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பெர்மிட் முடிந்தவர்களுக்கு, இனிமேல் போகிறவர்களுக்கு

ஏற்கெனவே பெர்மிட் இழந்து அங்கே இருப்பவர்கள், பிடிபடும்வரை காத்திருப்பதைவிடத் தாமாகத் திரும்பும் வழியைப் பார்ப்பது நல்லது. மலேசிய அரசு அவ்வப்போது இதற்கு வாசலைத் திறக்கிறது. 2019இல் ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை ஒரு திட்டம் நடந்தது. 2024 மார்ச் 1 முதல் டிசம்பர் 31 வரை இன்னொன்று. அதன் இரண்டாம் கட்டம் 2025 மே 19இல் தொடங்கி 2026 ஏப்ரல் 30 வரை என்று அறிவிக்கப்பட்டது. காலம் கடந்து தங்கியவருக்கு 500 ரிங்கிட், பாஸ் நிபந்தனை மீறியவருக்கு 300 ரிங்கிட் கட்டி, சொந்த டிக்கெட்டில் வழக்கு இல்லாமல் ஊர் திரும்பலாம் என்பது அதன் ஏற்பாடு. பத்தாயிரம் எங்கே, ஐந்நூறு எங்கே! இப்படி ஒரு திட்டம் திறந்திருக்கும்போது அதற்கு ஏஜென்ட் தேவையில்லை. பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் எடுத்துக்கொண்டு நேரே குடிநுழைவு அலுவலகத்துக்குப் போக வேண்டியதுதான். மறுபடி மலேசியா போகத் தடை விழலாம் என்பதைக் கணக்கில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

சம்பளம் கொடுக்கவில்லை, அடிக்கிறார்கள் என்றால் கடையை விட்டு ஓடிவருவது மனித இயல்பு. ஆனால் ஓடிய மறுநாளே முதலாளி புகார் கொடுத்துப் பெர்மிட்டை ரத்து செய்யலாம். சவூதியில் ஹுரூப் கொடுப்பது போலத்தான். முடிந்தவரை, வெளியேறும் முன்போ வெளியேறிய உடனேயோ தொழிலாளர் துறையில் எழுத்துமூலம் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். பிறகு "ஓடிப்போனவன்" என்று அவர் சொல்லும்போது, "புகார் கொடுத்துவிட்டு வந்தவன்" என்று நீங்கள் காட்ட ஒரு தாள் இருக்கும்.

இனிமேல் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் விசா இல்லாமல் மலேசியா போகலாம். சுற்றிப்பார்க்கப் போகிறவருக்கு நல்ல வசதி. "முதலில் இப்படிப் போ, அங்கே போய் பெர்மிட் போட்டுக்கொள்ளலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் அதே வசதி கண்ணியாகிறது. முப்பத்தோராவது நாள் காலையில் அந்தப் பிள்ளை 15(1)(சி)க்குள் எழுந்திருப்பான். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் இ.சி.ஆர். பாஸ்போர்ட்டுக்கு மலேசியா வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி கட்டாயம். இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்தானா என்று பார்க்கலாம். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு அரசு வைத்த உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. முறைப்படி போனால் பிரவாசி பாரதிய பீமா திட்டத்தில் 10 லட்ச ரூபாய்க் காப்பீடும் சேரும். மலேசியாவில் லெவியை முதலாளிதான் கட்ட வேண்டும் என்பது 2018இலிருந்து விதி. அதைச் சம்பளத்தில் பிடிப்பேன் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் கையெழுத்திடும் முன்பே கேளுங்கள். பெர்மிட் எந்த முதலாளி பெயரில், எந்தத் துறைக்கு என்பதையும் அப்போதே பாருங்கள். உணவகத்துக்கு எடுத்த பெர்மிட்டில் கார் கழுவும் கடையில் நின்றால் அது செல்லாது.

மலேசியாவில் பிள்ளைகள் இருக்கும் குடும்பத்தார் பாஸ்போர்ட், பெர்மிட் நகல்களோடு ஜும்ஆவுக்குப் பிறகு நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரலாம். உறை தயாரித்து, ஒரு பிரதியை இங்கேயே பத்திரமாக வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்கிறோம். நகல் இல்லாதவர்கள் இன்று இரவு பேசும்போதே பிள்ளையிடம் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.